தகப்பன் பெயர் ஓரெழுத்தான கதை

கொல்லிமலையில் 'பெ. பெரியசாமி வீடு எது?' என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஊர், எந்த நாடு, எந்தக் காட்டுப் பெரியசாமி என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவிட்டால் வளவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தேவானூர் நாடு, குண்டூர் நாடு என்று மலை நாடு நாடாகப் பிரிந்து கிடக்கிறது. மலையின் ஒரு குன்றில் மாசிப் பெரியண்ணசாமி இருக்கிறார். மலைவாசிகளுக்கு மட்டுமல்ல, கீழே நாமக்கல், திருச்சி பக்கத்துச் சமவெளியிலும் ஏராளமான குடும்பங்களுக்கு அவர்தான் குலதெய்வம். பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பது வழக்கம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதும் வழக்கம். இரண்டும் சேர்ந்தால் ஒரே கிராமத்துப் பதிவேட்டில் நாலைந்து பெரியசாமி, நாலைந்து பெரியண்ணன், நாலைந்து சின்னசாமி வந்துவிடுகிறார்கள். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட மிஞ்சுவது முன்னால் நிற்கும் 'பெ.' என்ற ஓரெழுத்து. அது பெரியண்ணனா, பெருமாளா, இன்னொரு பெரியசாமியா என்பதை அந்த எழுத்து சொல்லாது.

அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கதை ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகிறது. தொடங்கும் இடமும் கொல்லிக்குத் தொலைவில் இல்லை.

மலையிலிருந்து இறங்கி, நாமக்கல் கடந்து, காவிரியைத் தாண்டினால் கரூர் மாவட்டத்து வேலாயுதம்பாளையம். அங்கே புகழூர் ஆறுநாட்டார் மலைக் குகையில், சமணத் துறவி ஒருவருக்காகக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. துறவி யாற்றூர்ச் செங்காயபன். வெட்டிக் கொடுத்தவன் இளங்கடுங்கோ. அவன் இளவரசன் ஆனதை ஒட்டிச் செய்த கொடை அது. அவன் யார் என்று சொல்ல அந்தக் கல் எடுத்துக்கொண்ட வழி மிக எளிது: ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. அப்பன், தாத்தா, அவ்வளவுதான்.

1965இல் ஐராவதம் மகாதேவன் இந்த மூன்று பெயர்களைப் பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களான சேர அரசர்களோடு பொருத்திக் காட்டினார். இலக்கியத்தில் மட்டும் வாழ்ந்த அரசர்களுக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது. இந்தப் பொருத்தம் ஒற்றைப் பெயரை வைத்துச் செய்யக்கூடியதல்ல. கடுங்கோக்கள் பலர் இருந்திருக்கலாம். அதே வரிசையில் மூன்று தலைமுறை ஒத்துப்போவது அரிது. எட்டாம் பத்தின் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் போர் நடத்தியவன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதிவைத்ததற்கு நமக்குக் கிடைத்த பழைய சான்றுகளில் ஒன்று கொல்லியை ஆண்ட குடும்பத்துடையது என்றே சொல்லலாம்.

அரசர்களுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல இது. சங்கப் புலவர்களைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். ஊர், தகப்பன், தன் பெயர் என்ற இந்த அடுக்கைத்தான் பிற்காலத்தில் இரண்டு எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துக்கொண்டோம். உ.வே.சாமிநாதையரின் 'உ' உத்தமதானபுரம்; 'வே' தகப்பனார் வேங்கடசுப்பையர். பழைய ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்து பதிப்பித்த மனிதரின் பெயரிலேயே அந்தப் பழைய அடுக்கு மாறாமல் இருந்திருக்கிறது.

இடையில் சோழர் காலத்தையும் பார்த்துவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் நிர்வாகத்தைப் பார்த்த அதிகாரி ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான். நொபொரு கராஷிமா, எ.சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் திரட்டி 1978இல் பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள். கல்வெட்டில் ஒருவர் பெயர் இரண்டு பகுதியாக வந்தால் முன்பகுதி பெரும்பாலும் தகப்பன் பெயர், பின்பகுதி அவருடைய பெயர், அதற்குப் பின்னால் அரசன் கொடுத்த பட்டம். ஆக, சூரியனின் தகப்பன் ஆதித்தன். 'மகன்' என்ற சொல் உதிர்ந்துவிட்டது; தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கிறது. இன்றைய இனிஷியல் நிற்கும் அதே இடம்.

உலகத்தில் வேறு யாராவது இப்படி வாழ்ந்தார்களா என்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேல்ஸ். அங்கேயும் குடும்பப் பெயர் என்று ஒன்று நெடுங்காலம் கிடையாது. மகன் என்பதற்கு 'அப்', மகள் என்பதற்கு 'வெர்க்'. ரிஸ் அப் ஹவல் அப் ஓவைன் என்றால் ஓவைன் மகன் ஹவல், அவன் மகன் ரிஸ். நாம் தகப்பனை முன்னால் வைத்தோம், அவர்கள் பின்னால் வைத்தார்கள், வித்தியாசம் அவ்வளவே. 1535, 1542 ஆண்டுச் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் நீதி, நிர்வாக முறைக்குள் கொண்டுவந்தபோது இந்தச் சங்கிலி ஆங்கிலக் குமாஸ்தாக்களுக்குத் தலைவலி ஆயிற்று. தாமஸ் அப் ரிச்சர்ட் அப் ஹவல் அப் ஐயன் வஹன் என்று ஒருவர் நீதிமன்றத்தில் தன் பெயரைச் சொல்ல, அவ்வளவு நீளம் வேண்டாம், வீட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள் என்று கட்டளை வந்ததாம். அவர் மாஸ்டின் ஆனார் என்று வேல்ஸில் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் கொஞ்சமாக 'அப்' தகப்பன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப் ஹவல் பவல் ஆயிற்று, அப் ரிஸ் பிரைஸ், அப் ஹியூ பியூ, அப் ரிச்சர்ட் பிரிச்சர்ட், அப் எவன் பெவன். எந்தத் தலைமுறையில் ஒட்டியதோ அந்தத் தகப்பன் பெயரே அந்த வம்சத்துக்கு நிரந்தரக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. சில வீடுகளில் இது 16ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. மலைப்பக்கத்து ஏழைக் குடும்பங்களில் 19ஆம் நூற்றாண்டு வரை இழுத்தது. பழக்கத்தில் இருந்த ஆண்பெயர்களோ சில பத்துதான். அதனால் ஜான் மகன் எல்லாம் ஜோன்ஸ், வில்லியம் மகன் எல்லாம் வில்லியம்ஸ். 2006 நவம்பரில் கார்டிஃப் அரங்கு ஒன்றில் 1,224 ஜோன்ஸ்கள் ஒன்றாகக் கூடி உலக சாதனையே செய்தார்கள். அந்த ஜோன்ஸ்களின் நடுவில் தன் கொள்ளுத்தாத்தா ஜோன்ஸ் யாரென்று தேடுகிறவருக்கும், கொல்லியில் பெரியசாமியைத் தேடுகிறவருக்கும் துன்பம் ஒன்றுதான்.

இப்படி ஒரு வேல்ஸ் வம்சம் நம் ஊர்ப் பதிவேட்டிலும் இடம்பிடித்திருக்கிறது. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த எலைஹு யேல், வேல்ஸ் வடகிழக்குப் பகுதியில் 'யால்' என்ற சிறுநாட்டைச் சேர்ந்த குடும்பத்துக்காரர். அவருடைய முன்னோர்களும் 'அப்' வைத்து எழுதியவர்கள்தாம். பிறகு தங்கள் நாட்டின் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். வளவந்தி நாட்டுக்காரர் தன்னை வளவந்தி என்று எழுதிக்கொள்வது மாதிரி வைத்துக்கொள்ளலாம். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவு அதே ஆண்டு நவம்பர் 4 அன்று நடந்த எலைஹு யேல், கேத்தரின் ஹின்மர்ஸ் திருமணம். அந்த ஏடு இன்றும் இருக்கிறது. அதே ஆண்டில் கொல்லிமலையில் நடந்த கல்யாணங்களுக்கு எந்த ஏடும் இல்லை. வேல்ஸ்காரனின் பேரன் தேட இடம் இருக்கிறது; மலைக்காரரின் பேரன் வாய்மொழியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

சரி, முழுப் பெயர் எப்போது ஓரெழுத்தானது? 19ஆம் நூற்றாண்டில், அலுவலகத்தில், ஆங்கிலத்தில். ஆங்கிலேயர் தங்கள் முன்பெயர்களை முதலெழுத்தாக்கிக் கடைசியில் குடும்பப் பெயரை முழுதாக எழுதுவார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. பரீட்சைப் பட்டியல், ரயில்வே சம்பளப் பட்டியல், நீதிமன்றக் குறிப்பு எல்லாவற்றிலும் தமிழர் பெயர் ஏறியது. முன்னால் இருப்பதைச் சுருக்கு, பின்னால் இருப்பதை முழுதாக எழுது என்ற அதே விதி நம் பெயருக்கும் வந்தது. நமக்கு முன்னால் இருந்தது ஊரும் தகப்பனும். வேல்ஸில் மகனின் பெயர் முன்னால், தகப்பன் பெயர் பின்னால் என்பதால் அவர்களுக்குத் தகப்பன் பெயர் தப்பித்துக் குடும்பப் பெயராக நிலைத்தது. நமக்குத் தகப்பன் பெயர் புள்ளி வைத்த எழுத்தாகிவிட்டது. இரண்டு கதைகளும் பிரிந்த இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

ஆங்கில எழுத்தில் சுருக்கியதால் இன்னொரு கேடும் சேர்ந்தது. சி.என்.அண்ணாதுரையின் 'சி' காஞ்சிபுரத்தைக் குறிக்கிறது. ஆங்கிலேயர் உச்சரித்த காஞ்சீவரத்தின் முதல் எழுத்து. தமிழில் மட்டும் படிக்கிறவர் 'சி' என்ற ஊரைத் தேடினால் சிதம்பரத்துக்குப் போய்விடுவார். சி.வி.ராமன் விஷயத்தில் 'சி' தகப்பனார் சந்திரசேகரர். 'வி' யாருடைய பெயரும் இல்லை, வேங்கடராமன் என்ற அவருடைய சொந்தப் பெயரின் முதல் பாதி. ஓரெழுத்துக்குள் ஊர் இருக்கலாம், அப்பன் இருக்கலாம், தாத்தா இருக்கலாம், வீட்டுப் பெயர் இருக்கலாம். வம்சம் தேடுகிறவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முன்னால் ஓரெழுத்து இருந்த அந்தக் காலத்தில் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாதீர்கள் என்று தீர்மானம் போட்டது. ஈ.வெ.ரா. அதற்கு முன்பே 'நாயக்கர்' பட்டத்தைக் கைவிட்டிருந்தார். தமிழ்நாடு அதைக் கேட்டது. இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் பெயரைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடும், இங்கே தெரியாது. அது நம் பெருமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னால் இருந்தது போனபின் மனிதருடைய குடும்பத்தைச் சொல்லும் முழுப் பாரமும் முன்னால் இருந்த ஓரெழுத்தின் மேல் இறங்கியது.

கடல் கடந்தவர்களுக்கு வேறு கதை. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரும்புத் தோட்டக் கூலிகளை இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பதிந்த கப்பல் பட்டியல்கள் மிஞ்சியிருக்கின்றன. அதே மக்கள் ஊரிலேயே இருந்திருந்தால் இவ்வளவு விவரம் எழுதப்பட்டிருக்காது என்பது கொடுமையான உண்மை. அங்கே குடும்பப் பெயர் கேட்டார்கள். சாதிப் பட்டம் இருந்தவர்களுக்கு அது உறைந்து பிள்ளை, நாயுடு, கவுண்டன் என்று நின்றது. பலருக்கு ஏதோ ஒரு தலைமுறையில் தகப்பன் பெயர் அப்படியே நின்றுவிட்டது. வேல்ஸில் நடந்தது டர்பனில் தமிழருக்கு நடந்தது. மலேசியாவில் அடையாள அட்டை இன்றும் மகன் என்பதற்கு 'ஏ/எல்' என்று போட்டுத் தகப்பன் பெயரை முழுதாகச் சொல்கிறது.

கொல்லிக்குத் திரும்புவோம். இம்மலை மக்கள் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். பெயர் மலையாளி என்றாலும் பேசுவது தமிழ்; கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் வழியாக மலைமலையாகப் பரவினோம் என்பது இவர்களுடைய வாய்மொழி. 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் அது பதிவாகியிருக்கிறது. காரைக்காட்டு வெள்ளாளர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டதையும் அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சகோதரர்களுக்கும் இன்றைய தலைமுறைக்கும் நடுவே உள்ள தாத்தாக்களின் பெயர்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஆவணம் தேடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லை மாறிய கதை. நாமக்கல் தாலுகா 1910இல் சேலத்திலிருந்து திருச்சி ஜில்லாவுக்குப் போய், 1929இல் சேலத்துக்குத் திரும்பியது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. 1920இல் எழுதிய காகிதம் திருச்சிக் கணக்கில் இருக்கும். சேலத்தில் தேடி இல்லையென்று ஒருவர் திரும்பினால் அது அவர் குற்றமல்ல. சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரிப் பதிவேடுகள் உள்ளன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நமக்கு உதவாது. பிரிட்டனில் 1841 முதல் தனிமனிதர் பெயர்களோடு எடுத்த கணக்கை நூறாண்டு கழித்து மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். இங்கே எண்ணிக்கை மட்டும்தான் வெளிவரும்.

இருப்பதில் நம்பகமானது பழைய கிரயப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும். ஒரு பழைய பத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். முத்திரைத்தாளில் நெருக்கிய எழுத்து. புள்ளியும் இல்லை, பத்தியும் இல்லை. 'இன்ன நாட்டில் இன்ன கிராமத்திலிருக்கும் பெரியண்ணக் கவுண்டன் குமாரன் சின்னசாமிக் கவுண்டன்' என்ற மாதிரித்தான் தொடங்கும். 'குமாரன்' என்று முழுதாக எழுதிய அந்த நாளில் இனிஷியலின் தொல்லை கிடையாது. எல்லாரும் இந்த முதல் வரியைப் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். நான் கீழே செக்குபந்தியைப் படிக்கச் சொல்வேன். நிலத்துக்கு வடக்கே யார் காடு, கிழக்கே யார் வயல், தெற்கே எந்த ஓடை என்று நாலு பக்கமும் எழுதியிருக்கும். மலையில் பங்கு பிரித்த நிலம் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கும். ஆகவே எல்லைக்காரர் பெரும்பாலும் அண்ணன் தம்பி, சிற்றப்பன் பெரியப்பன் மகன். வடக்கு எல்லைக்காரருக்கும் அதே பெரியண்ணக் கவுண்டன் தகப்பன் என்றால் ஒரு பங்காளி வம்சமே கைக்கு வந்துவிடும். கடைசியில் கைநாட்டு, அதை அடுத்துச் சாட்சிகள். சாட்சிக் கையெழுத்தில் மைத்துனனோ மாமனோ இருப்பான். பெண்ணெடுத்த ஊர் அவன் பெயரோடு இருக்கும்.

அடுத்தது கோயில். குலதெய்வப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி வாங்கிய நோட்டு ஊர்க்கவுண்டர் வீட்டிலோ பூசாரி வீட்டிலோ கிடக்கும். எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் ஒரு தலைக்கட்டிலிருந்து மூன்றாகப் பிரிந்தது என்பது அதில் தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் செய்ய வேண்டிய வேலையைக் குலதெய்வமே செய்கிறது. ஒரே குலதெய்வம், ஒரே பங்காளி வகையறா என்றால் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் இது அலசப்படுவதால், எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட நாலைந்து தலைமுறையைத் தட்டாமல் சொல்வாள். ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்கும் பட்டப்பெயரும் அவளுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காகச் சொல்லவில்லை. மலைப் பிள்ளைக்குக் கல்லூரி இடமும் வேலையும் சாதிச் சான்றைப் பொறுத்தவை. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றுகளைச் சரிபார்க்கக் குழுக்கள் அமைக்கச் சொன்னது. 2011இல் வேறொரு தீர்ப்பில், விடுதலைக்கு முந்தைய ஆவணங்களுக்கு மதிப்பு கூடுதல் என்றது. தாத்தா பெயர் ஒரு காகிதத்தில் பெ. பெரியசாமி, இன்னொன்றில் பெரியண்ணன் மகன் பெரியசாமி என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் சுமை பேரன் தலையில். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. அதன் விதிகளில் 13ஆவது விதி, பழைய நில ஆவணத்தில் உள்ளவரோடு தன்னை இணைத்துக் காட்டும் வம்சாவளியையும், ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கிறது. கிழவியின் நினைவுக்குச் சட்டம் தந்த இடம் இது. மலை ஊர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் உறுத்துவது பெண்கள் காணாமல் போவது. வேல்ஸில் பெண் கல்யாணமான பிறகும் 'வெர்க்' போட்டுத் தன் தகப்பன் பெயரோடுதான் வாழ்ந்தாள்; ஆங்கில வழக்கம் வந்த பிறகுதான் கணவன் பெயர் ஏறியது. நம் பதிவேட்டில் பெண் 'த/பெ'யிலிருந்து 'க/பெ'க்கு மாறியதும் அவள் பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுவிடுகிறது. இனிஷியல் ஓரெழுத்து மாறும், அவ்வளவுதான். பின்னால் தேடுகிறவருக்கு அவள் எந்த நாட்டிலிருந்து வந்தாள் என்பதே தெரியாது. தாயின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதுகிறவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. அரசு ஆவணங்களில் இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சொன்னதும் நல்லதே. 'சி' எந்த ஊர் என்ற குழப்பமாவது குறையும்.

ஆனாலும் எழுத்து எழுத்துதான். கொல்லியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் டர்பனில் இருந்தாலும் இதைப் படிக்கிறவர்கள் ஒரு நோட்டை எடுத்து, உங்கள் இனிஷியலுக்குள் இருக்கும் பெயரை முழுதாக எழுதுங்கள். அவருடைய தகப்பன், அவருக்கும் தகப்பன், ஒவ்வொருவருக்கும் மனைவி பெயர், அவர் பிறந்த ஊர், அவருடைய தகப்பன் பெயர், குலதெய்வம், ஊரில் கூப்பிட்ட பட்டப்பெயர். தெரியாத இடத்தை வெற்றாக விட்டுவிட்டு, வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.